இரும்பு இல்லாத படம்

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் நான் மன்னாரில் மருத்துவராக வேலை பார்த்தேன். எக்ஸ்ரே படம் என்றாலே அப்போது எங்கள் சனத்துக்கு ஒரே ஒரு கேள்விதான்: உள்ளே இரும்பு இருக்கிறதா, இல்லையா? ஷெல் துண்டைத்தான் இரும்பு என்றார்கள். உடம்பில் இரும்பு இருந்தால் வலியோடு போகாது, விசாரணையும் வரும். எங்கே காயம் பட்டாய், யாரோடு நின்றாய் என்று ஆமிக்காரர்கள் துளைத்து எடுப்பார்கள். ஆகவே இரும்பு இல்லாத படம் கையில் இருப்பது பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானாட்டான் பக்கத்திலிருந்து வயல் செய்கிற ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். இடது முழங்காலுக்கு மேலே வீக்கம்; நொண்டி நொண்டித்தான் உள்ளே வந்தாள். நான் வாய் திறக்குமுன்பே தகப்பன் உரப்பைக்குள் கையை விட்டு ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினார். அகதி முகாமில் இருந்தபோது அவள் கால் நோகிறது என்று சொன்னதற்கு எடுத்த படம் அது.

"இரும்பு ஒண்டும் இல்லை டொக்டர். முகாமில பார்த்த டொக்டரே சொன்னவர், இரும்பு இல்லை, போகலாம் எண்டு. இதைக் காட்டித்தான் சோதனைச் சென்றியெல்லாம் தாண்டி வந்தனாங்கள். ஆமிக்காரனும் வெயிலில பிடிச்சுப் பார்த்திட்டு விட்டவன்."

படத்தை விளக்குப் பெட்டியில் சொருகினேன். உண்மைதான், இரும்பு இல்லை. ஆனால் முழங்காலுக்கு மேலே எலும்பில் ஒரு கருமை இருந்தது.

அதற்கு முந்தின மாதம் தலைமன்னாரிலிருந்து ஒரு தாய் தன் சின்ன மகளோடு வந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கும் இதே இடத்தில், எலும்பில் ஒரு கரும்பொட்டு. யாரோ புற்றுநோய் என்று சொல்லிவிட, தாய் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, அழுதழுது முகம் வீங்கி வந்திருந்தாள். ஆனால் அந்தப் பொட்டைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது, வயலைச் சுற்றி வரம்பு கட்டியது மாதிரி. எலும்பின் வெளிச்சுவரில் ஒரு கீறல் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு வருகிற நார்க்கட்டி அது. தன்பாட்டில் வந்து தன்பாட்டில் மறையும். "ஒண்டும் செய்யாதேங்கோ அக்கா, பிள்ளை ஓடி விளையாடட்டும்" என்று அனுப்பிவைத்தேன்.

தகப்பன் நீட்டிய இந்தப் படத்தில் அப்படி வரம்பு இல்லை. கருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. கறையான் அரித்த மரம் மாதிரி எலும்பு பொத்தல் பொத்தலாகக் கிடந்தது. ஒரு பக்கத்துச் சுவர் உடைந்து, கட்டி தசைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. இதுவும் கட்டிதான், ஆனால் ஆளைத் தின்கிற வகை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. மருத்துவம் படித்த எவனும் ஒரு நிமிடம் எலும்பைப் பார்த்திருந்தால், பிள்ளையை அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பியிருப்பான். முகாமில் இருந்தவன் எலும்பைப் பார்க்கவில்லை. இரும்பைத் தேடினான், கிடைக்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். சனம் அதிகம், வரிசை நீளம் என்று அவனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு யாரும் என்னிடம் வரவேண்டாம். தேட நேரம் இருந்தவனுக்குப் பார்க்க நேரம் இல்லையா?

புதுப் படம் எடுத்தோம். மற்றப் பக்கத்துச் சுவரும் போயிருந்தது.

"ஐயா, இது புற்றுநோய் போலத்தான் கிடக்கு. கொழும்பில சதைத்துண்டு எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாச் சொல்லுவினம். ஆனா கால் தப்புறது கஷ்டம். முதலே வந்திருந்தா காலைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்றேன்.

அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்தப் பழைய படம் பிழையே டொக்டர்?"

"படம் பிழையில்லை ஐயா. பார்த்தவன்தான் பிழை."

வாய்வரை வந்த தூஷணத்தை விழுங்கினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது. அவர் பழைய படத்தைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கி, மடிபடாமல் உரப்பைக்குள் வைத்தார். "கொழும்புக்குப் போற வழியிலயும் சென்றி இருக்குத்தானே. இது தேவைப்படும்" என்றார்.

கதிரையில் இருந்த மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இரும்பு இருந்திருந்தா என்ர காலை வடிவா உத்துப் பார்த்திருப்பினமோ டொக்டர்?"

"ஓம் பிள்ளை" என்றேன்.