டச்சுக் கல்லறையில் மழை பெய்யவில்லை

நேற்று என் மகள் கட்டாயப்படுத்தி ஒரு படம் பார்க்க வைத்தாள். ஒரு பையன் வளர்ந்து பெரியவனாவதுதான் கதை. பன்னிரண்டு வயதில் சைக்கிள் ஏறுகிறவன் ஒரு திருப்பத்தில் மீசையோடு வெளியே வருகிறான். அவனுக்குத் துக்கம் வரும்போதெல்லாம் தவறாமல் மழை வருகிறது. பின்னாலேயே வயலினும் வருகிறது. கடைசியில் பிரிந்த நண்பர்கள் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

மகள் மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்: "நைனா, உனக்கும் இந்த மாரி ஒரு ஃபிரெண்டு இருந்தாரா?"

இருந்தான். கல்லறைகூட இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறை, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியது. என்னிடம் நாங்கள் பிரிந்த வருடத்து நாட்குறிப்பும் இருக்கிறது, பழுப்பு அட்டை போட்டு. எடுத்துப் பார்த்தேன்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்தப் பாடுப் பட்டியலில் பேர் ஏறினால்தான் பையன் பெரியவன், சைக்கிளெல்லாம் கணக்கில்லை. அந்த வருடம் என் நண்பன் பேரும் என் பேரும் சேர்ந்தே ஏறின. சீட்டில் பேர் வரும்போது ஆள் நேரில் நின்று குரல் கொடுக்காவிட்டால் பாடு போய்விடும். குலுக்கல் நடக்கும் அதே காலையில் பொன்னேரிக் கல்லூரியில் எனக்கு நேர்முகம்.

"நீ போய்ப் படிடா மச்சான். உன் பேரு வந்தா நான் கொரல் குடுக்கறேன். இத்தினி பேர்ல எவன் கண்டுக்கப்போறான்?" என்றான்.

இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஊரில் இப்படி ஒரு யோசனை. ஒருவனுக்காக இன்னொருவன் குரல் கொடுத்தால் இரண்டு பேருக்கும் அந்த வருடப் பாடு கிடையாது. இது விதி. அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று ஊர்த் தலைவர் விதிகளையெல்லாம் என்னிடம்தான் புது நோட்டில் நகலெடுக்கச் சொல்லியிருந்தார். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தேன்.

"சரிடா" என்றேன்.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாலை பேருந்தில் இறங்கியபோது கல்லறைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் நைனா வாதம் வந்து படுத்திருந்தார். அவர்கள் வீட்டுக்கு அந்தப் பாடு ஒன்றுதான் சோறு.

"இன்னாடா, கெடச்சுதா?"

"கெடச்சுது."

"என் பாடு பூடுச்சுடா. உன்னோடதும். ரூலை எழுதுனதே நீதானாமே, தலைவரு சொல்றாரு?"

"மறந்துட்டன்டா."

நாட்குறிப்பில் அன்றைய பக்கம்: 'மேல்காற்று. மழை இல்லை. மறக்கவில்லை.' வயலின் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை.

அந்த வருடம் முழுக்க அவன் ஆரம்பாக்கத்தில் யாருடைய லாரிக்கோ ஐஸ் பெட்டி தூக்கினான். நான் வணிகவியல் படித்தேன்.

"இப்ப எங்க நைனா அவரு?" என்றாள் மகள். அவள் பார்க்கும் படங்களில் நண்பன் வெளிநாட்டில் இருப்பான், இல்லையென்றால் இறந்திருப்பான். என்னுடையவன் படகுத்துறையில் நண்டு விற்கிறான். வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறேன், தலையாட்டிக்கொள்வோம்.

"போய்ப் பேசு நைனா. கட்டிப்புடிச்சு ஒரு சாரி சொன்னா முடிஞ்சுது."

இன்று காலை ஏழு பத்துக்குப் போனேன். கட்டிப்பிடிக்க வழியில்லை, நடுவே நண்டுக்கூடை.

"அன்னிக்கு எனக்குத் தெரியும்டா" என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். நண்டு வேணுமா, சொல்லு. வெயிலு ஏறுது."

நாலு கேட்டேன். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, பொறுமையாகப் பொறுக்கிப் பையில் போட்டான்.

வீட்டில் உடைத்துப் பார்த்தால் நாலும் சதையே இல்லாத தண்ணி நண்டு. கையில் எடுத்த உடனே எடையை வைத்து அவனுக்கு அது தெரிந்திருக்கும்.