கடைசி எழுத்துக்கு அப்புறம் இருந்த பெயர்கள்

"யாரு பெத்தான்னே தெரியாத பொண்ணு எந்த ஊருக்காரி? சொல்லு லியோனில்டே, நீ பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணவதானே?"

இதாலினா அத்தை பால் லாரியை ஓட்டிக்கொண்டே கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லியோனில்டே நான்தான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. சாவோ ஜோர்ஜ் தீவில், எங்கள் லோரெய்ரால் கோயில் பங்கில், மாட்டுக்காரர்களிடம் பால் எடுத்துப் பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை. மூடுபனி இறங்கி, வளைவில் சாலையே தெரியாத காலைகளிலும் அவர் லாரி வரும். வராத நாள் ஒன்று இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். தூய ஆவி திருவிழாவுக்குக் கோயில் கிரீடத்தை வருடம் ஒரு வீட்டில் வைத்து ஊருக்கே விருந்து போடுவார்கள்; அது யார் வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டில் மாட்டிறைச்சிச் சூப்புக்கு அண்டா தூக்குகிறவரும் அவர்தான். ஆனால் கிரீடம் அவர் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

கிரீடம் யார் வீட்டுக்குப் போகும் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஆனால் நான்கு தலைமுறையாக இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தின் சீட்டுதான் பைக்குள் போகலாம் என்பது திருவிழாவை நடத்தும் எங்கள் சபையின் விதி. அத்தையின் அப்பா, அதாவது என் தாத்தா, பிக்கோ தீவிலிருந்து வந்தவர். அதனால் அம்மா வழியைத்தான் காட்டவேண்டும். அத்தையின் அம்மா தன் சீட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கவே கூச்சப்பட்டுச் செத்துப்போனார். அத்தை இந்த வருடம் கேட்டுவிட்டார்.

சபைச் செயலாளர் குவால்பெர்த்தோ கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "உங்கம்மா இருக்காங்க, பாட்டி இருக்காங்க. கொள்ளுப்பாட்டி ஃபெலிஸார்தா இல்ல. நான் என்ன செய்யட்டும் இதாலினா? அட்டவணைல இல்லாதவங்கள நானா எழுதிச் சேக்கறது?"

"சரியாப் பாத்தீங்களா?"

"நாப்பது வருஷம் பதிவாளர் ஆபீஸ்ல இருந்தவன்மா நான்!"

அந்தப் பதிவுகள் இப்போது படமெடுத்து இணையத்தில் இருக்கின்றன. பால் ஆலையில் டேங்க் காலியாகும்வரை அத்தை லாரியிலேயே உட்கார்ந்து போனில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பார். எங்கள் பழைய அட்டவணைகளில் குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை. ஞானஸ்நானப் பெயரின் அகரவரிசைதான் இருக்கும். மரியாக்கள் மட்டும் பக்கம் பக்கமாகப் போவார்கள். அத்தை ஒவ்வொரு வருடத்திலும் ஃபெலிஸார்தாக்களைத் தேடினார். ஒருத்தி சின்னவளாகவே இறந்திருந்தாள். இன்னொருத்தி பிரேசிலுக்குப் போய்விட்டாள். அவருடையவள் இல்லை.

ஒருநாள், கடைசி எழுத்தில் வரும் 'ஸெஃபெரினோ'வோடு அட்டவணை முடிந்தது. டேங்க் இன்னும் காலியாகவில்லை. எரிச்சலில் அத்தை இன்னொரு தடவை திரையைத் தள்ளினார். அட்டவணைக்குப் பின்னால், தலைகீழாக ஒட்டியதுபோல் ஒரு தாள் இருந்தது. அதன் தலைப்பு: 'போட்டுவிட்டுப் போன குழந்தைகள்'.

அவர்களை மற்றக் குழந்தைகளோடு எழுதவில்லை. எழுத்து எல்லாம் முடிந்த பிறகு, குப்பையை மூலைக்குத் தள்ளியதுபோல் எழுதியிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அங்கே ஃபெலிஸார்தா இருந்தாள். மாவு ஆலை வாசலில், கம்பளித் துண்டில் கிடந்தாள். அன்றைக்கே ஞானஸ்நானம். கோயில் மணி அடிப்பவர்தான் ஞானத்தந்தை.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அத்தை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சீட்டுக் குலுக்கும் ஞாயிறன்று சபைக் கூடத்தில் அத்தை அந்தப் படத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்தார். குவால்பெர்த்தோ கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்.

"நான் சொன்னது சரிதானே? இந்தப் பிள்ளையோட பூர்வீகம் யாருக்குத் தெரியும்? பக்கத்துப் பங்குலேர்ந்து ராத்திரியோட ராத்திரியாக் கொண்டாந்து போட்டிருக்கலாம்."

"நீங்க கூடப் போயிருந்தீங்களா செயலாளரே?" என்றார் அத்தை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. "அவ தலையில ஊத்தினது எந்தக் கோயில் தண்ணி? இந்தக் கோயில் தண்ணி. அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் குடுத்தவளுக்குக் கூலி குடுத்தது யாரு? இந்த ஊரு. உங்க எல்லாருக்கும் அப்பன் பாதி, ஊரு பாதி. அவளுக்கு ஊரு மட்டும்தான் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லேங்கறீங்களா?"

"விதின்னு ஒண்ணு இருக்கு இதாலினா."

"எங்கம்மா இதே மேசைல ரொட்டி வெட்டினப்ப எங்க போச்சு விதி?"

இத்தனை வருடம் அவர் தூக்கிய அண்டாவிலிருந்து சாப்பிட்டவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அப்போது மீன் விற்கும் பென்வின்தா எழுந்து முன்னால் போனார். மேசைமேல் இருந்த தாளில் ஒரு வரியைத் தொட்டார். "இந்த ஜெர்வாசியோ எங்க தாத்தாவோட அப்பா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். வெளிய சொல்லமாட்டோம், அவ்ளோதான்." பிறகு பையைக் கேட்டார். "என் சீட்ட எடுத்துக் குடு குவால்பெர்த்தோ."

"பைத்தியமா உனக்கு? உன்ன யாரும் கேக்கலையே!"

"கேக்காம விட்டதாலதான் நான் உள்ள இருக்கேன். அவ கேட்டதால வெளிய நிக்கறா. குடு."

பையை மேசைமேல் கவிழ்த்துத் தன் சீட்டைத் தேடி எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அதன்பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வந்து தாளைப் படித்தார். தன் சீட்டை எடுத்தார். பிறகு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மிச்சச் சீட்டுகளைப் பையில் போட்டுக் குலுக்க குவால்பெர்த்தோவுக்குக் கை வரவில்லை. அன்று குலுக்கல் நடக்கவில்லை.

விதியை இன்னும் மாற்றவில்லை. யோசிக்கிறார்களாம்! என்ன யோசனை வேண்டியிருக்கிறது? கிரீடம் கோயிலில் பூட்டிக் கிடக்கிறது. அத்தை மறுநாளும் பால் எடுக்கப் போனார். "அவங்களாக் கூப்பிட்டு என் சீட்ட வாங்கற வரைக்கும் அண்டாவத் தொடமாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் எங்கள் தீவு மக்களின் பிள்ளைகள் இதே அட்டவணைகளில் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் இல்லை என்று பலர் பாதியில் மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரிந்தால், இதாலினா அத்தையின் கதையைச் சொல்லுங்கள். கடைசி எழுத்துக்கு அப்புறமும் ஒரு பக்கம் புரட்டச் சொல்லுங்கள்.