கடைசித் துண்டு

எக்கார்ட் வைகண்ட் வீடுகளுக்குச் சமையலறை பொருத்திக் கொடுப்பவன். கீஸன் ஊரில் அவன் நிறுத்திய அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. தொழிலுக்கு அது நல்ல குணம், குடும்பத்துக்குத்தான் பெரும் தொல்லை. ஆற்றையும் அவன் அப்படியே அளந்ததுதான் காரணம்.

லான் ஆறு மலையில் ஊறும் இடத்திலிருந்து ரைன் என்ற பெரிய நதியில் கலக்கும் இடம்வரை வீட்டில் உள்ள நால்வரும் சைக்கிளில் போய்விட வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரே மூச்சில் முடிகிற காரியமில்லை. தொடங்கிய வருடம் மகள் ரீக்கே சைக்கிளுக்குப் பின்னால் கட்டிய இழுவண்டியில் தூங்கிக்கொண்டு வந்தவள். அதனால் கோடைக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டார்கள். ஆறு ஓடும் திசையில் மிதிப்பார்கள், களைத்த இடத்தில் உள்ளூர் ரயில் பிடித்து வீடு திரும்புவார்கள். அடுத்த கோடையில் அதே இடத்துக்கு ரயிலில் போய் அங்கிருந்து தொடர்வார்கள். நடுவில் ஒரு சாண் விடக்கூடாது. ஒருமுறை மழைக்குப் பயந்து ஒரு கிராமத்தை ரயிலிலேயே தாண்டிவிட்டார்கள். மறுவருடம் அந்தக் கிராமத்துக்குத் திரும்பப் போய் மிதிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தான் மனுஷன்.

இப்போது நஸாவ் ஊரிலிருந்து ரைன்வரை ஒரே ஒரு துண்டு பாக்கி. மகன் யோரிஸ் ஆகஸ்டில் ஹாம்பர்க் கப்பல் பட்டறைக்குத் தொழில் பழகப் போகிறான். போனவனை இனி எந்தக் கோடையில் பிடிப்பது? நால்வரும் சேர்ந்து முடிப்பதென்றால் இந்த வருடம்தான். அதற்கு யோரிஸுக்கு ஒழிந்தது கோடைத் தொடக்கத்தில் வரும் கிறிஸ்தவப் பண்டிகையான விண்ணேற்றத் திருநாள் விடுமுறை மட்டும்.

“அன்னைக்கு தந்தையர் தினம், எக்கார்ட். ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் பீர் வண்டிய இழுத்துக்கிட்டு ரயில்லதான் இருப்பாங்க” என்றாள் மனைவி இல்கா.

அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் விடியற்காலையில் கிளம்பினால் குடிகாரர்களை முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டான். அவனைப் போலவே லான் பள்ளத்தாக்கு முழுவதும் கணக்குப் போட்டிருந்தது.

லிம்பர்க்கில் ரயில் மாற வேண்டும். சைக்கிள் பெட்டி எப்போதும் வால்பக்கம்தான் வரும் என்று எக்கார்ட் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்றுகொண்டான். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் வந்தாலும் ஓடலாம் என்றாள் இல்கா. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் என்ன பேசுவது? அவள் ரீக்கேயோடு நடுவிலேயே நின்றுவிட்டாள். யோரிஸ் பெருமூச்சு விட்டு அப்பாவோடு போனான்.

ரயில் அன்று தலை மாறி, வால் முன்னாக வந்தது. சைக்கிள் படம் போட்ட கதவு எதிர்க்கோடியில் போய் நின்றது. அப்பனும் மகனும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு, யார் யார் கணுக்காலிலோ இடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் இல்காவும் ரீக்கேயும் ஏறியிருந்தார்கள். மிச்ச இடத்தில் பீர்ப் பெட்டி ஏற்றிய கைவண்டிகள். சுவரோரம் மடக்கு சீட்டுகளில் தொப்பி போட்ட அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெண் நடத்துநர் கையை நீட்டி மறித்தாள்.

“அந்த மடக்கு சீட்டுல இருக்கிறவங்க எழுந்தா ரெண்டு சைக்கிள் நிக்கும். அளந்தே காட்டுறேன்” என்றான் எக்கார்ட்.

“நீங்க அளப்பீங்க சார். அவங்க எழுந்திரிக்கணுமே.”

கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ரயிலில் ஒரே ஒரு மூலை இருந்தது. அதற்கும் கடைசி நிமிடத்தில் ஒரு குழந்தை வண்டி வந்தது. குழந்தை வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது அவனுக்கே மனப்பாடம் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. அதற்கடுத்த ரயில் இன்று ஓடாது என்று ஒலிபெருக்கி வருத்தம் தெரிவித்தது. எக்கார்ட் குப்பைத் தொட்டியை எட்டி உதைத்தான். காலில்தான் வலித்தது.

நஸாவிலிருந்து இல்கா போனில் கூப்பிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ரீக்கே உருளைக்கிழங்கு சாலட் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டாளாம். இனி காத்திருந்தால் இருட்டிவிடும் என்றாள்.

“நாங்க ரெண்டு பேரும் போகட்டுமா? இல்ல, திரும்பி வந்துரட்டுமா? நீயே சொல்லு.”

எக்கார்டுக்கு வா என்று சொல்லத்தான் மனசு துடித்தது. இத்தனை கோடையும் மழையிலும் எதிர்காற்றிலும் மிதித்தது நால்வரும் ஒன்றாகப் போய் நிற்பதற்குத்தானே.

“ரீக்கேயாவது பாக்கட்டும், விடுப்பா” என்றான் யோரிஸ்.

“போங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்த ரயிலில் எக்கார்டும் யோரிஸும் லிம்பர்க்கில் ஏறிக்கொண்டார்கள். அப்பாக்கள் எங்கெங்கோ இறங்கிவிட்டிருந்தார்கள். சைக்கிள் பெட்டி பந்து விளையாடும் அளவுக்குக் காலியாக இருந்தது. ரீக்கேயின் செருப்பு ரைன் தண்ணீரில் நனைந்திருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டான்.

“பெருசா ஒண்ணுமில்லப்பா. நம்ம ஆறு அதுல போய்ச் சேருது. அதுக்கப்புறம் எது நம்மளதுன்னு தெரியல.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகஸ்டில் யோரிஸ் போய்விட்டான். அந்தக் கடைசித் துண்டை எக்கார்ட் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போய் முடித்திருக்கலாம், இல்காவும் போய் வரச் சொன்னாள். ஒற்றைச் சைக்கிளுக்கு ரயிலில் எப்போதும் இடம் இருந்தது. அவன் போகவில்லை.