தண்ணீர் ஊற்றாத தொட்டிகள்

ஒரத்தநாடு சாலையில் நர்சரி வைத்திருக்கிறேன். என் தொட்டி ஒவ்வொன்றிலும் 'இங்கேயே வளர்த்தது' என்று என் பெயர் போட்ட சீட்டு இருக்கும். அந்தச் சீட்டில் நான் பொய் எழுதியதே இல்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

என் செடிகளில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி ஒருநாள் இரண்டு சாக்குகளோடு வந்தார். உள்ளே சதைப்பற்றான கள்ளிமுளையான் செடிகள். அதிலும் எங்கோ ஒரு மலையில் மட்டுமே இருக்கிற ரகம். வெளிநாட்டில் போட்டி போட்டு வாங்குகிறார்களாம். தொட்டியில் வைத்து என் சீட்டை ஒட்டிக் கொடுத்தால் போதுமாம்.

ஒன்றை எடுத்து வேரைப் பார்த்தேன். தொட்டியில் வளர்ந்த வேர் தொட்டியைச் சுற்றிச் சுருண்டிருக்கும். இது பாறை இடுக்கில் நசுங்கிக் கிடந்து, பாதியில் அறுந்த வேர். என்னிடமா இந்த வேலை!

"மலையில பிடுங்கினதுக்கு என் சீட்டு கிடையாதுங்க."

இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சாக்குகளை வண்டியில் ஏற்றினார். என் முக்கால்வாசி வியாபாரம் அந்த வண்டியோடு போகிறது என்று தெரிந்தது. இருந்தாலும் வனத்துறைக்குப் போன் போட்டு வண்டி எண்ணைச் சொல்லிவிட்டேன். அவர்கள் மடக்கிப் பிடித்து, மலைக்குத் திருப்பி அனுப்பும்வரை செடிகளை என்னிடமே விட்டுவைத்தார்கள்.

அங்கேதான் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். கீழ்வேளூரில் நெல் விளைக்கிற குடும்பம். காய்ந்த மண்ணைப் பார்த்தால் மனிதருக்குப் பொறுக்காது. எனக்குத் தெரியாமல், பாவம் பார்த்து, தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மூன்று செடிகள் அடியில் அழுகிப்போயின. அன்று நான் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"தாகத்துக்குப் பழகினதை ஏங்க தண்ணியில கொல்றீங்க?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அழுகாத தண்டுகளை நறுக்கி, உலரவைத்து, மணலில் ஊன்றினேன். இரண்டு பிழைத்தன.

போன மாதம் மலைக்குக் கொண்டுபோனபோது எங்களையும் அழைத்தார்கள். எப்படி நடுவது என்று வனக்காவலர்கள் என்னைத்தான் கேட்டார்கள். செடியில் வெயில் பட்டுச் சிவந்திருந்த பக்கத்தை மறுபடி வெயில் பக்கமே திருப்பி நட்டுக் காட்டினேன். வியாபாரி சொன்னபடியே இந்தப் பக்கம் வருவதில்லை, நர்சரி இன்னும் தள்ளாட்டம்தான். ஆனாலும் அன்று எனக்குத் தலை கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருந்தது.

கடைசிச் செடியை நட்டதும் என் வீட்டுக்காரர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, செடிப் பக்கம் குனிந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவரே குடித்துவிட்டார்.