முதுகைப் படமெடுத்தவள்

விடியற்காலை ஐந்து மணிக்கு, அக்கா இறந்த செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து தங்கைக்கு வந்தது. பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து இல்லாதவர்களுக்குத் தரும் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை அவள்தான் நடத்திவந்தாள். வாங்குபவர்களின் முகத்தைக் காட்டமாட்டாள். ஏறி மிதித்துப் போகும் முதுகைத்தான் படமெடுப்பாள்.

“கண்கலங்குற முகத்தப் போடும்மா, லைக்கு அள்ளும்” என்று சங்கச் செயலாளர் தலைகீழாக நின்றும் அவளிடம் பருப்பு வேகவில்லை.

“சைக்கிள் வாங்கத்தான் வந்தாங்க சார், ஒப்பாரி வைக்க இல்ல” என்பாள்.

அக்கா இறந்த அன்று காலையிலேயே செயலாளர் தங்கைக்குப் போன் செய்தார்.

“ஆஸ்பத்திரியில எடுத்த படம் இருக்காம்மா? பரிதாபமா இருக்கும், நன்கொடை கொட்டும்.”

“எங்கக்கா ஒண்ணும் உண்டியல் இல்ல சார்.”

அக்கா சைக்கிளில் போகும் முதுகுப் படத்தையே தங்கை சங்கத்தின் பக்கத்தில் போட்டாள். அக்காவின் கடைசிப் பதிவுக்குக் கீழே, ‘பழைய சைக்கிளை எங்கே கொண்டுவந்து தரணும்?’ என்று முந்தின நாள் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அக்கா பதில் எழுதியிருக்கவில்லை.