பதினொரு இவங்கப்பன்கள்

பென்சிலைச் சீவிக்கொண்டேதான் ரூத் எந்த வீட்டு வாசலுக்கும் வந்து நிற்பாள். சீவல் தரையில் விழுந்துவிட்டால் குனிந்து பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். பொறுக்கும்போதே "மன்னிக்கவும்" என்பாள். கோழி குறுக்கே ஓடினால் "மன்னிக்கவும்". கொடியில் காயும் வேட்டி முகத்தில் பட்டால் அந்த வேட்டியைப் பார்த்தே "மன்னிக்கவும்". பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் கொஞ்ச நாள் வரை அதை வெள்ளைக்காரர்களின் வணக்கம் என்றே நினைத்துக்கொண்டு, பதிலுக்கு "மன்னிக்கவும் மிஸ்ஸி, வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றார்கள்.

அவளோ அமெரிக்காக்காரி. ஒஹையோ என்ற சோளம் விளைகிற சீமையில் பிறந்து, அங்கே பி.ஏ. முடித்து, மேல்படிப்புக்கென்று லண்டனுக்குப் போனவள். தமிழர்களின் உறவுமுறையைப் பற்றி அங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. அதற்குத் தமிழர்களை நேரில் பார்க்க வேண்டாமா? பார்ப்பதற்காக 1932 ஜூன் மாதம் கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் கார்டு கிரிகரி வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள். இருபத்தாறு வயது. ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. கிரிகரி வீட்டு நிலைப்படியில் முதல் வாரம் ஏழு தடவை தலையை இடித்துக்கொண்டாள். ஏழு தடவையும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"ஏம்புள்ள, அடி வாங்குறது நீ. மன்னிப்பும் நீயே கேக்குறியா?" என்றாள் கிரிகரியின் மனைவி பிலோமினா.

அது லண்டன் போட்ட சூடு. ஒன்றரை ஆண்டு அங்கே ஒரு விதவை வீட்டு மாடியறையில் ரூத் இருந்தாள். காசு போட்டால்தான் கணப்பு எரியும்; காசு தீர்ந்தால் கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். குளிர் கூடப் பரவாயில்லை, அவள் வாயைத் திறந்தால்தான் வம்பு. பிறந்தது முதல் பேசிவந்த இங்கிலீஷை அந்த வீட்டம்மா இங்கிலீஷ் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பிஸ்கட் என்றால் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்து வெண்ணெய் தடவித் தின்கிற மெத்தென்ற பண்டம். லண்டனில் பிஸ்கட் என்றால் கடித்தால் பல் பெயருகிற சமாச்சாரம். வந்த மறுநாள் காலை பிஸ்கட் சூடாக வேண்டும் என்று கேட்டு, மேசையில் இருந்த எட்டுப் பேரும் சிரித்ததில் ரூத்துக்குப் பசியே போய்விட்டது. அன்றையிலிருந்து எந்தப் பேச்சையும் மன்னிப்பில் தொடங்கினாள்.

இந்தக் கதையைப் பிலோமினா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டாள். "அட, வெள்ளைக்காரங்களுக்குள்ளயே இப்படி இருக்கா? எங்க வீட்டுக்காரரு முப்பது வருசமா இங்கிலீஷ் பேசிப் பேசி வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருகிட்ட ஏச்சு வாங்குறாரு. நீயும் நம்ம கட்சிதான் போ!" என்று அவள் முதுகில் ஓர் அறை வைத்தாள். அதற்குப் பிறகு "மிஸ்ஸி, நீங்க" எல்லாம் போய் "ஏம்புள்ள" நிலைத்துவிட்டது. ரூத்துக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

அவள் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்த தமிழ். குறை சொல்ல முடியாது. ஒரு பிழை இருக்காது. ஆனால் குவார்ட்டர்ஸ் குழாயடியில் நின்றுகொண்டு, குடம் தூக்கப் போகிறவளை வழிமறித்து, "தங்கள் கணவரின் பெயர் யாது?" என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் காட்டி, "இவங்கப்பன்தான்" என்றார்கள்.

ரூத் எழுதிக்கொண்டாள்: கணவர் பெயர், இவங்கப்பன்.

அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். ரூத்துக்குக் கை துறுதுறுத்தது. அடுத்த வரிசையில் இன்னும் நான்கு பேர் அகப்பட்டார்கள். கண்ணப்பன் இருக்கிறார், ஐயப்பன் இருக்கிறார், இவங்கப்பன் இருக்கக் கூடாதா? ஒரே குவார்ட்டர்ஸில் பதினொரு இவங்கப்பன்கள் சேர்ந்ததும் ரூத்துக்குத் தூக்கம் போய்விட்டது. இவர்கள் எல்லாரும் ஒரே குலம், அந்தக் குலத்துக்கு இவங்கப்பன் என்று ஒரு பழைய தெய்வம் இருந்திருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு பக்கம் எழுதி, ஆகஸ்டுக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பிவைத்தாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். நம்மில் ஒருவர் லண்டனுக்குப் போய்ச் சூடான பிஸ்கட் கேட்டிருந்தாலும் இதே கதிதான்.

அக்டோபரில் பதில் வந்தது. அவளுடைய புரொபஸர் மதராஸில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்த கிழவர், தமிழ் தெரிந்தவர். "உங்கள் இவங்கப்பனைப் படித்து நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்" என்று தொடங்கியிருந்தார். அதன் பிறகு சிரிப்பு இல்லை. கடைசி ஆண்டுக்கு அவளுக்கு உதவிச் சம்பளம் உண்டா இல்லையா என்று ஜனவரியில் கமிட்டி கூடித் தீர்மானிக்கும். இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு தம்மால் அவளுக்காகப் பேச முடியாது. அந்தக் கணவர்களின் சரியான பெயர்களோடு திருத்தி, நவம்பர் நடுவில் புறப்படும் தபாலுக்குள் அனுப்பினால் பார்க்கலாம். இல்லாவிட்டால் அவள் ஒஹையோவுக்குத் திரும்பிப் பள்ளிக்கூட வாத்தியாராகலாம். அதுவும் கௌரவமான தொழில்தான்.

துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ரூத் அழுதாள். ஒரு சத்தம் இல்லாமல், மூக்கு மட்டும் சிவக்கச் சிவக்க அழுதாள். பிலோமினா பதறி ஓடிவந்து என்னவென்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாளால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பதினோரு பொம்பளைக்கும் ஒரே புருசனா! ஐயோ, எம் மாதாவே!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பெண் நிஜமாகவே உடைந்துபோயிருக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை?" என்றாள் ரூத்.

"எப்படிப் புள்ள சொல்றது? புருசன் பேர வாயால சொன்னா அவங்க ஆயுசு கொறஞ்சிரும்லா."

"நீங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். நீங்களும் சொல்ல மாட்டீர்களா?"

பிலோமினா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கோயில்ல கல்யாண ஓலை எழுதுறப்ப சாமியாரு மாப்பிள்ளை பேரு என்னம்மான்னு கேட்டாரு. அப்பவே எங்கண்ணந்தான் சொன்னான்" என்றாள்.

அன்று விளக்கு வைத்ததும் பிலோமினா வழக்கம்போல் மாலை ஜெபத்தில் அர்ச்சியசிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பிரார்த்தனை சொன்னாள். அவள் ஒவ்வொரு பேராகச் சொல்ல, கிரிகரி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். கிரகோரியார் பேர் வர வேண்டிய இடத்தில் பிலோமினாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து அடுத்த அர்ச்சியசிஷ்டவருக்குத் தாவினாள். நாலு மாதமாக ரூத் அதை ஆஸ்துமா என்று நினைத்திருந்தாள்.

"இருபத்தெட்டு வருசமா என் சாமிக்கு மட்டும் லீவு" என்றார் கிரிகரி. "நானாத்தான் மனசுக்குள்ள வேண்டிக்கணும்."

ரூத் பென்சிலைத் தேடிக்கொண்டு எழுந்து ஓடியதில் நிலைப்படி மறுபடியும் இடித்தது.

கிரிகரி நல்ல மனிதர். கிள்ளான் வண்டியில் கொடி காட்டுகிறவருக்குக் குவார்ட்டர்ஸில் யாரைத் தெரியாது? மறுநாள் காலை கோப்பி குடித்து முடிப்பதற்குள் பதினொரு ஆண்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டார். சின்னையா, பாயிண்ட்ஸ்மேன். கார்த்திகேசு, ஃபிட்டர். வேலாயுதம், ஃபயர்மேன். இப்படியே பதினொன்று. "இத அனுப்பு. தீந்துச்சு வேல" என்றார்.

அதைத் தபாலில் போட்டிருந்தால் கமிட்டி சமாதானம் அடைந்திருக்கும். ரூத் தாளைப் பார்த்தாள், பிலோமினாவைப் பார்த்தாள். புரொபஸர் கேட்டது பேரை. அவளுக்கோ இப்போது அந்த இருமலின் மேல்தான் ஆசை. இருப்பதோ நாலு வாரம். கேட்டதைக் கொடுக்காமல் கேளாததைக் கொடுத்தால் கிழவர் என்ன சொல்வாரோ? சொன்னால் சொல்லட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்தத் தடவை 'யாது' இல்லை. பிலோமினா சொல்லிக்கொடுத்தபடி கேட்டாள்: "அக்கா, நீங்க எந்த வார்த்தைய வாயில எடுக்க மாட்டீங்க?"

முதல் இரண்டு நாள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பிலோமினா தன் இருமலைக் குழாயடியில் நடித்துக் காட்டினாள். பிறகு கேட்க வேண்டுமா! கார்த்திகேசு வீட்டம்மாவுக்குக் கார்த்திகை மாதமே கிடையாது. அது 'விளக்கு மாசம்'. வேலாயுதம் வீட்டம்மா தைப்பூசத்தன்று பத்துமலையில் ஊரே "வேல் வேல்" என்று முழங்கும்போது கையை மட்டும் உயர்த்துவாள். அதோடு விட்டாளா? வேலை என்ற சொல்லிலும் அந்த 'வேல்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே! அதனால் அவள் புருஷன் வேலைக்குப் போகவே மாட்டான்; 'கெர்ஜா'வுக்குப் போவான். மலாய்க்காரன் சொல் அவன் ஆயுசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சின்னையா வீட்டம்மா கடையில் சின்ன வெங்காயம் கேட்டதே இல்லை.

"அப்ப எப்படிக் கேப்பீங்க?"

"குட்டி வெங்காயம்னு கேப்பேன். கடைக்காரரு வீசைக் கல்லை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே சிரிப்பாரு."

ரூத்தும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுத எழுத அவள் முகம் விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது. பதினொரு பெண்கள் ஆளுக்கொரு பாஷையைத் தாங்களே முடைந்து வைத்துக்கொண்டு, பிசகாமல் பேசி, சமைத்து, சண்டை போட்டுக் காலம் தள்ளுகிறார்கள். பக்கத்திலேயே படுத்திருக்கிற புருஷனுக்குக் கூட அது முழுசாகத் தெரியாது. இதைவிட வேறு என்ன ஆராய்ச்சி வேண்டும்? நாற்பது பக்கம் எழுதினாள். கிரிகரியின் தாளைக் கடைசியில் குண்டூசி குத்திச் சேர்த்தாள். தபால் கட்டு மூடுவதற்குக் கால் மணி முன்பு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, தபால் வண்டி புறப்படும் வரை தபாலாபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிலோமினா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். குழாயடிப் பெண்கள், "கடுதாசி வந்துச்சா மிஸ்ஸி?" என்று தினம் கேட்டார்கள். இல்லை என்றால் அவர்களுக்கும் முகம் சுண்டியது. தங்கள் வெங்காயம் லண்டனில் பரீட்சை எழுதப் போயிருக்கிறது என்ற கவலை அவர்களுக்கு இருக்காதா?

ஜனவரி பதினெட்டாம் தேதி காலையில் தந்தி வந்தது. ரூத்துக்குப் பிரிக்கக் கை வரவில்லை. கிரிகரிதான் பிரித்தார். முதலில் இங்கிலீஷில் முணுமுணுத்தார். பிறகு ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிற கையை அப்படியே தூக்கிக்கொண்டு, "கடைசி வருசம் குடுத்துட்டாங்க புள்ள! அத்தியாயம் பிரமாதமாம்!" என்று கத்தினார். பிலோமினா அவளைக் கட்டிப்பிடித்து, எட்டாத கன்னத்துக்காகத் தோளில் முத்தம் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் கிரிகரி. "'பெண்களின் பெயர்கள் எங்கே?'"

ரூத் நோட்டைப் புரட்டினாள். சின்னையா மனைவி. கார்த்திகேசு மனைவி. வேலாயுதம் மனைவி. பதினொரு பக்கத்திலும் அப்படியே இருந்தது. எட்டு மாதத்தில் அத்தனை பேர் கையாலும் கோப்பி வாங்கிக் குடித்திருக்கிறாள். ஒருத்தியிடமும் உன் பேர் என்ன என்று கேட்டதில்லை. அவளை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? இந்தக் கதையும் இதுவரை அவர்களை அப்படித்தானே கூப்பிட்டுக்கொண்டு வந்தது?

காது மடல் வரை சிவந்து, செருப்புக் கூடப் போடாமல் குழாயடிக்கு ஓடினாள். சின்னையா வீட்டம்மா குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

அந்த அம்மாள் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

"எம் பேரா?"

"ஆமா. உங்க பேருதான். லண்டன்ல கேக்கிறாங்க."

குடத்தைக் கீழே வைத்தாள். சாம்பல் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "வள்ளியம்மா" என்றாள்.

ரூத் எழுதினாள். வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஈரம் காயாத விரலை அந்த எழுத்துகளுக்குக் கீழே கொண்டுபோய், தாளில் படாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இதுவா?"

"இதுதான்."

"எங்க, படி."

படித்தாள்.

"கொஞ்சம் சத்தமாப் படி லா. அவளுகளுக்குக் கேக்கலயே."

வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தார்கள். ரூத் குனிந்த முதுகை நிமிர்த்தி, நோட்டை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்து, கோயிலில் வேதம் வாசிப்பவர்களைப் போல் நின்று, அந்த ஒரு பெயரைக் குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.