இருபத்தேழு காப்பிகள்

என்னுடைய 1988ஆம் வருடத்து நாட்குறிப்பில், ஜூலை மாத வியாழக்கிழமை ஒன்றுக்கு நேராக இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘காலை 11.10. டிஸ்கில் இடம் இல்லையென்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.’ அதற்குக் கீழே, ‘12.40. காரணம் கிடைத்தது.’ கிழமையையும் நேரத்தையும் விடாமல் எழுதிவைப்பது என் பழக்கம். இந்த இரண்டு வரிகளிலும் நேரங்கள் சரியானவை. இரண்டாம் வரியின் செய்தி தவறு.

மன்னார்புரத்தில் லாரி உதிரிபாகங்கள் விற்ற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. ஏ.சி. அறை, செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான்கு திரைகளுக்கும் சேர்த்து ஒரே டிஸ்க், நாற்பது மெகாபைட். இன்று போனில் எடுக்கும் பத்துப் பதினைந்து படங்களுக்கு அது போதாது. அன்று கிடங்கு முழுவதும், ஒவ்வொரு ஆணியும் பேரிங்கும், அதற்குள்தான் இருந்தது.

கிடங்கு இருப்பைப் பதிவு செய்தவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண்மணி. ஸ்டோர்ஸ் மேடம் என்போம். தற்காலிக வேலை, ஆகஸ்டில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் இல்லை, மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆகஸ்டை அவர் எப்படி எதிர்பார்த்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை மின்தடையில் இருப்புக் கோப்பு பழுதானதை நாங்கள் பன்னிரண்டு நாள் கழித்தே கண்டுபிடித்தோம். அதிலிருந்து அவர் தினமும் கிளம்புமுன் கோப்பின் காப்பி ஒன்றை எடுத்து, அன்றைய நட்சத்திரத்தின் பெயரில் சேமிப்பார். அஸ்வினி, பரணி, ரோகிணி என்று போகும்.

“ஆத்துல அப்பா காலம்பற பஞ்சாங்கம் வாசிச்சுடுவார் ஸார். தேதி மறந்தாலும் நட்சத்திரம் மறக்காது. ஒரு சுத்து வந்தா பழசு மேலயே புதுசு ஏறிக்கும். இருபத்தேழுக்கு மேல போகவே போகாது, பாருங்கோ” என்று அவர் என்னிடம் விளக்கியிருந்தார். நான் சிரித்தேன். நல்ல யோசனை என்று நாட்குறிப்பிலும் எழுதினேன்.

அந்த வியாழக்கிழமை ஒவ்வொருவர் பெயரிலும் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். அவர் பெயரில் மட்டும் டிஸ்கில் கால்வாசிக்கு மேல். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

“யாருய்யா இந்த ரோகிணி, ரேவதி, சுவாதி? நம்ம மெஷின்ல ஜாதகம் பாக்குறாங்களா?”

“இல்ல சார், ஸ்டாக் காப்பிதான்.”

“ஒரு ஸ்டாக்குக்கு இருபத்தேழு காப்பியா? நீங்க என்னத்த பாத்துக்கிட்டிருந்தீங்க?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. “அழிச்சிடறேன் சார்” என்றேன். பெரிதாக இருப்பது வேறு, வளர்ந்துகொண்டே இருப்பது வேறு. நேற்று இடம் இருந்து இன்று இல்லாமல் போனால் தேட வேண்டியது வளர்வதைத்தான். இருபத்தேழோடு நின்றுவிட்ட ஒன்று மாதக்கணக்காக அதே அளவில் இருந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல, அவரே சொன்னது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருபத்தேழையும் அழித்தேன். கம்ப்யூட்டர் ஓடியது. திரும்பி வந்த அவர் வெறும் பட்டியலைப் பார்த்துவிட்டு, “சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே ஸார்” என்றார். அன்றோடு காப்பி எடுப்பதையும் நிறுத்திவிட்டார். ஆகஸ்டில் அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. இனி வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதத்தைக் கொடுத்தார்கள்.

அவர் போன மறுவாரம் டிஸ்க் மீண்டும் நிரம்பியது. இம்முறை இருப்புக் கோப்பு பாதியில் முறிந்தது; மீட்க ஒரு காப்பியும் இல்லை. தேடியபோது கிடைத்தது நான் எழுதிய புரோகிராமின் எச்சம். அச்சடிக்கும் ஒவ்வொரு அறிக்கையிலும், காகிதம் சிக்கினால் உதவட்டும் என்று, ஒரு பிரதியை அது ஒதுக்கி வைத்தது. வாராவாரம் அவற்றை நீக்குவதாக இருந்தேன். எதையும் தூக்கிப்போட மனம் வராத ஆள் நான், நீக்கவில்லை. அவை யார் பெயரிலும் இல்லாமல் கம்ப்யூட்டரின் சொந்தப் பகுதியில் கிடந்ததால், ஆள்வாரியாக எடுத்த பட்டியலில் வரவே இல்லை. கிடங்கில் ஐந்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் எண்ணினோம். மேனேஜர் காரணம் கேட்டபோது, “டிஸ்க் சின்னது சார், பெருசா ஒண்ணு வாங்கணும்” என்றேன். வாங்கினார்கள்.

அடுத்த வருடம் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து போன பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். “சௌக்கியமா ஸார்? டிஸ்க் சரியாயிடுத்தா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். “சரியாயிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கம் போக வேண்டியவன் திருவானைக்காவலிலேயே இறங்கிக்கொண்டேன்.

எங்கள் அக்கவுண்டன்ட் ஓய்வுபெற்றுக் காட்டூரில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் பார்க்கப் போனபோது, “அந்தம்மா விஷயம் உங்களால இல்லீங்க. லெட்டரை ஜூன்லயே அடிச்சு வச்சிட்டாங்க, தேதியே ஜூன்தான்” என்றார். ஜூன் என்றால் என் பட்டியலுக்கு ஒரு மாதம் முன்னால். அந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. கம்பெனி இல்லை, மேனேஜரும் காலமாகிவிட்டார். கடிதம் அந்த அம்மாளிடம் இருக்கக்கூடும். அவர் வீடு எந்தத் தெருவில் என்பதும் எனக்குத் தெரியும். இன்றுவரை போய்க் கேட்கவில்லை. ஆகவே, ஜூன் என்பது சரிபார்க்கப்படாத தகவல்.